பாக்கியம் என்றால் பங்கு!



பரீட்சைக்குக் கிளம்பும்போது வேப்ப மரத்தில் இரண்டு மைனாக்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், "ஆகா! இன்று எனக்கு லக்கு!" என்று துள்ளிக் குதிக்கிறீர்கள். ஒற்றை மைனா என்றால் முகம் சுருங்கிப் போகிறது. இன்னொன்று எங்காவது தெரிகிறதா என்று கழுத்தை வளைத்துத் தேடுகிறீர்கள். அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடுகிறது!

போன பரீட்சையில் நல்ல மார்க் வாங்கித் தந்த பேனாவை 'ராசியான பேனா' என்று பத்திரப்படுத்தி வைப்பவர்களும் உங்களில் உண்டு. மை தீர்ந்து போனாலும் அதைத் தூக்கிப் போட மனம் வராது.

அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம் என்கிறோமே, அது என்ன? எங்கிருந்து வருகிறது? அது வந்தால்தான் மகிழ்ச்சியும் வருமா? இந்தக் கேள்விகளை உலகம் முழுவதும் மனிதர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகள் நாம் தினமும் பேசும் சொற்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. வேர்க்கடலையை உடைத்துப் பருப்பை எடுப்பதுபோல, சில சொற்களை உடைத்துப் பார்ப்போமா?

மூன்று பெயர், ஒரே பொருள்

எங்கள் அரியாங்குப்பம் பக்கத்துப் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால், பாக்கியலட்சுமி, பெலிக்ஸ், சயீத் என்று மூன்று பெயர்கள் ஒரே வகுப்பில் இருப்பது அதிசயம் இல்லை. ஒன்று சமஸ்கிருதச் சொல்லில் இருந்து வந்த பெயர். ஒன்று லத்தீன். இன்னொன்று அரபி. மூன்று பேரும் மூன்று விதமான வழிபாட்டு இடங்களுக்குப் போவார்கள்.

ஆனால், பெயரின் பொருளைக் கேட்டால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன! பாக்கியம் என்றால் நற்பேறு. பெலிக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு அதிர்ஷ்டசாலி, மகிழ்ச்சியானவன் என்ற இரண்டு பொருளும் உண்டு. சயீத் என்ற அரபிச் சொல்லும் அப்படியே. நற்பேறு பெற்றவன், மகிழ்ச்சியானவன். (சையத் என்பது வேறு பெயர், குழப்பிக் கொள்ளாதீர்கள்.)

எந்த மதமானாலும், எந்த மொழியானாலும், தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்துப் பெற்றோர் நினைப்பது ஒன்றுதான். "இது நன்றாக இருக்க வேண்டும்."

பறவை சொன்ன சேதி

பெலிக்ஸ் என்ற லத்தீன் சொல்லைப் பார்த்தோம் அல்லவா? லத்தீன், ரோமானியர்களின் மொழி. அந்த ரோமானியர்களுக்கும் அரியாங்குப்பத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் காக்காயந்தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே அகழாய்வு செய்தார். இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட பளபளப்பான மண்பாண்டத் துண்டுகளும், மது நிரப்பி வந்த கூர்மையான அடியுள்ள ஜாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. கல்லிலும் கண்ணாடியிலும் செய்த மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானிய உலகத்துப் பொருள்கள் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம் அது.

அந்த ரோமானியர்கள் பெரிய காரியங்களில் இறங்கும் முன் பறவைகளைப் பார்த்துச் சகுனம் கேட்டார்கள். எந்தப் பக்கம் பறக்கிறது, எப்படிக் கத்துகிறது என்று கவனித்துச் சொல்வதற்கென்றே தனிப் பதவியில் ஆட்கள் இருந்தார்கள். அந்தச் சகுனத்துக்கு லத்தீனில் 'ஆகூரியம்' என்று பெயர். அந்தச் சொல் காலப்போக்கில் தேய்ந்து, பிரெஞ்சு மொழியில் 'ஏர்' என்று ஆனது. அதன் முன்னால் 'நல்ல' என்ற பொருளுள்ள 'போன்' சேர்ந்து 'பொனேர்' என்ற சொல் பிறந்தது. இன்று பிரெஞ்சுக்காரர்கள் மகிழ்ச்சிக்குச் சொல்லும் சொல் இதுதான்!

1954 நவம்பர் 1-ம் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் புதுச்சேரி. பிரெஞ்சு படித்த தாத்தா, பாட்டி யாராவது பக்கத்தில் இருந்தால் அந்தச் சொல்லை உச்சரித்துக் காட்டச் சொல்லுங்கள். அதை உடைத்தால் உள்ளே இருப்பது 'நல்ல பறவைச் சகுனம்'. நீங்கள் தேடும் இரட்டை மைனாவேதான்!

ஆங்கிலத்திலும் இப்படித்தான். 'ஹாப்பி' என்ற சொல்லின் வேரான 'ஹாப்' என்பதற்குத் தற்செயல், அதிர்ஷ்டம் என்று பொருள். ஜெர்மன் மொழியில் 'க்ளுயுக்' என்ற ஒரே சொல் அதிர்ஷ்டத்துக்கும் மகிழ்ச்சிக்கும் பொது. அதிர்ஷ்டம் வந்தவனே மகிழ்ச்சியானவன் என்று அந்த நாட்களில் மனிதர்கள் நினைத்திருக்கிறார்கள்.

காணாததும் வகுத்ததும்

சரி, நம் வீட்டுச் சொற்களுக்கு வருவோம்.

அதிர்ஷ்டம் என்பது சமஸ்கிருதத்தில் இருந்து தமிழுக்கு வந்த சொல். 'திருஷ்டம்' என்றால் கண்ணால் கண்டது. முன்னால் 'அ' சேர்ந்தால் காணாதது. எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குத் தெரியாமல் வருவதால் அதிர்ஷ்டம்! புது வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுவார்களே, அந்தக் கண் திருஷ்டியும் இதே வேரில் முளைத்ததுதான்.

"அவர் கொடுத்து வைத்தவர்" என்று பாட்டி சொல்வார். முன்பே கொடுத்து வைத்திருக்கிறார், இப்போது திரும்பி வருகிறது என்று பொருள். இதையே 'கொடுப்பினை' என்றும் சொல்வார்கள். 'பேறு' என்ற சொல் 'பெறு' என்பதில் இருந்து வந்தது. பெற்றது பேறு.

பாக்கியம்? இதுதான் இன்றைக்கு நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டிய சொல். பாகம் என்றால் என்ன? பங்கு. "நாடகத்தின் முதல் பாகம்", "சொத்தில் பாகம்" என்கிறோமே, அதே பாகம். பாகமாகக் கிடைத்தது பாக்கியம். உனக்கு என்று ஒதுக்கப்பட்ட பங்கு!

தூய தமிழ்ச் சொல் ஒன்றும் இதே கருத்தைச் சொல்கிறது. திருக்குறளில் அறத்துப்பால், பொருட்பால் என்கிறோம். அங்கே 'பால்' என்றால் பகுதி, பங்கு. பழந்தமிழில் அதே 'பால்' என்ற சொல்லுக்கு ஊழ், விதி என்றும் பொருள் உண்டு. திருவள்ளுவர் 38-ஆம் அதிகாரமான 'ஊழ்' என்பதில் இந்தச் சொல்லை அந்தப் பொருளில் பயன்படுத்துகிறார். அதே அதிகாரத்தில் இன்னொரு குறளில், கோடி கோடியாகச் சேர்த்தவருக்கும் வகுத்தவன் வகுத்துக் கொடுத்த அளவுதான் அனுபவிக்கக் கிடைக்கும் என்கிறார். கணக்கு நோட்டில் நீங்கள் போடும் வகுத்தல்தான் அது!

கிரேக்கர்கள் விதிக்குச் சொன்ன 'மொய்ரா' என்ற சொல்லுக்கும் பங்கு என்றே பொருள். எவ்வளவு தூரம் தள்ளி வாழ்ந்த மக்கள்! எல்லோரும் அதிர்ஷ்டத்தை ஒரு பெரிய பானைச் சோறாகவும், ஆளுக்கு ஒரு கரண்டி விழுவதாகவும் பார்த்திருக்கிறார்கள்.

மலை நாட்டு உறவினர்

பாக்கியத்துக்கு மத்திய ஆசியாவில் ஒரு தூரத்து உறவினர் இருக்கிறார். கிர்கிஸ்தான் என்ற நாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெருவில் ஏதாவது ஒரு அண்ணனோ அக்காவோ மருத்துவம் படிக்க அங்கே போயிருக்கலாம். நம் நாட்டு மாணவர்கள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள்.

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக். கடலே இல்லாத நாடு. எங்கு பார்த்தாலும் பனி மூடிய மலைகள். 1991 ஆகஸ்ட் 31-ல் சோவியத் ஒன்றியத்தில் இருந்து பிரிந்து தனி நாடானது. அந்த மக்களின் முன்னோர்கள் ஆடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு புல்வெளி தேடி அலைந்தவர்கள். கம்பளியால் மூடிய வட்டமான கூடாரமே அவர்களுக்கு வீடு.

கிர்கிஸ் மொழியில் மகிழ்ச்சியை 'பக்கித்' என்கிறார்கள். நம் ஊரில் பாக்கியம் என்று பெயர் வைப்பதுபோல அங்கே பையன்களுக்குப் பக்கித் என்று பெயர் உண்டு. இந்தச் சொல் பாரசீக மொழியில் இருந்து அங்கே போனது. பாரசீகத்தில் 'பக்த்' என்றால் அதிர்ஷ்டம். அதன் மூலப் பொருள், ஒதுக்கிக் கொடுத்த பங்கு!

பாரசீகமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக் குடும்பம். அந்தப் 'பக்த்', இந்தப் 'பாக்கியம்' இரண்டும், பங்கிடுவதைக் குறிக்கும் ஒரே பழைய வேரில் இருந்து கிளைத்தவை. ஒரு கிளை மேற்கே போய், பாரசீகம் வழியாகக் கிர்கிஸ் மலைகளில் ஏறியது. இன்னொரு கிளை தெற்கே வந்து தமிழ்நாட்டு, புதுச்சேரி வீடுகளுக்குள் நுழைந்தது. பிஷ்கெக்கில் இருக்கும் பக்கித்தும், அரியாங்குப்பத்தில் இருக்கும் பாக்கியமும் பெயரால் சொந்தக்காரர்கள்!

கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் இங்கே கை தூக்குவார். "ஐயா, தமிழில் 'பகு' என்றாலும் பங்கிடு என்றுதானே பொருள்? அதுவும் சொந்தமா?" நல்ல கேள்வி. ஆனால் ஒலி ஒத்திருந்தால் மட்டும் சொந்தம் என்று சொல்லிவிட முடியாது. 'பகு' தமிழின் சொந்த வேர். மலையாளம், கன்னடம் ஆகிய உடன்பிறப்புகளிடமும் அது இருக்கிறது. முகம் ஒன்றுபோல இருப்பவர் எல்லாம் அண்ணன் தம்பி ஆகிவிடுவாரா?

கூரை வழியே விழும் 'குட்'

பக்கித் வெளியில் இருந்து வந்த சொல் என்றால், கிர்கிஸ் மக்களின் மிகப் பழைய சொந்தச் சொல் 'குட்'. (ஆங்கிலக் 'குட்' இல்லை!) உயிர்ச்சக்தி, நற்பேறு, வீட்டின் வளம் எல்லாவற்றையும் இந்த ஒரே சொல் குறிக்கும்.

குட் பற்றி அங்கே ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. அவர்களுடைய கூடாரத்தின் உச்சியில் புகை போக வட்டமான திறப்பு ஒன்று உண்டு. அதற்கு 'துன்துக்' என்று பெயர். கிர்கிஸ்தானின் சிவப்புக் கொடியில், மஞ்சள் சூரியனுக்கு நடுவே இருப்பது இந்தத் துன்துக்தான். அந்தத் திறப்பு வழியாக வானத்தில் இருந்து, கருஞ்சிவப்பு நிறத்தில் கூழ் போன்ற ஒரு சிறு கட்டி அடுப்பில் வந்து விழுமாம். அதுதான் குட். அதை எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டில் நற்பேறு நிறையுமாம்.

ஆனால் ஒரு நிபந்தனை! நல்லவர், நேர்மையானவர் கை பட்டால்தான் அது குட். கெட்டவன் ஆசையோடு அள்ளினால் கையில் இருப்பது வெறும் அசிங்கம்! மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

கதையாக இருந்தாலும் அதற்குள் ஒரு யோசனை இருக்கிறது, பார்த்தீர்களா? அதிர்ஷ்டம் மேலே இருந்து விழுகிறது. அது நம் கையில் இல்லை. ஆனால் அதை ஏந்தும் கை நம்முடையது.

கிர்கிஸ் மக்களிடம் பழமொழிகளும் உண்டு. நற்பேறுக்கு முன்னால் ஒற்றுமை நடந்து வரும் என்பது ஒன்று. வீட்டில் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் நற்பேறு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும் என்பது கருத்து. நாற்பது பேரில் ஒருவர் 'கிதிர்' என்பது இன்னொன்று. கிதிர் என்பவர் ஏழை போல வேடமிட்டு வந்து ஆசி தரும் புனிதர். யார் வாசலுக்கு வந்தாலும் அவராக இருக்கலாம். அதனால் வந்தவரை விரட்டாதே, சாப்பாடு போடு!

முழு நிலவு மந்திரி

இன்றைய கிர்கிஸ்தானில் புரானா என்ற பழைய கோபுரம் நிற்கிறது. அந்த இடத்தில் முன்பு பலாசகுன் என்ற நகரம் இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்த நகரத்தில் பிறந்த யூசுப் என்ற புலவர் 1069-70-ம் ஆண்டில் 'குடட்கு பிலிக்' என்ற நூலை எழுதி முடித்தார். குட்டைத் தரும் அறிவு, அதாவது நற்பேறு தரும் அறிவு என்று பொருள். நம் திருக்குறளைப் போலவே இரண்டிரண்டு அடிகள் கொண்ட பாடல்கள்; 6,000-க்கும் மேல்!

அதில் நான்கு பேர் பேசிக்கொள்கிறார்கள். அரசர் நீதியைக் குறிப்பவர். அவருடைய பெயருக்குச் 'சூரியன் உதித்தது' என்று பொருள். மந்திரி அதிர்ஷ்டத்தைக் குறிப்பவர். அவருடைய பெயர் அய் தோல்டி, 'நிலவு நிறைந்தது'. சூரியன் என்றும் ஒரே வட்டமாக இருக்கும். நிலவு வளரும், தேயும். அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

கதையில் அந்த அதிர்ஷ்ட மந்திரி சீக்கிரமே இறந்து போகிறார். அவருடைய மகன் அந்த வேலையை ஏற்கிறார். மகன் யார் தெரியுமா? அறிவைக் குறிப்பவர். அதிர்ஷ்டம் தேய்ந்தாலும் அறிவு நின்று காப்பாற்றும் என்று யூசுப் சொல்லாமல் சொல்கிறார்.

மகிழ்ச்சிக்கு நான்கு வாசல்

நம் தொல்காப்பியர் என்ன சொல்கிறார்? மனத்தில் எழும் உணர்வுகள் எட்டு என்று அவர் வகைப்படுத்துகிறார். சிரிப்பு, அழுகை, அச்சம் என்று போகும் அந்தப் பட்டியலில் கடைசியாக வருவது உவகை, அதாவது மகிழ்ச்சி. உவகை எதனால் பிறக்கும்? அதற்கும் நான்கு காரணம் சொல்கிறார். செல்வம், புலன், அன்புடையவரோடு கூடியிருத்தல், விளையாட்டு. புலன் என்பதற்குக் கல்வியால் வந்த அறிவு என்று உரையாசிரியர் பேராசிரியர் விளக்கம் தருகிறார்.

நான்காவதைக் கவனித்தீர்களா? விளையாட்டு! ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி, ஊர் எல்லை தாண்டிப் போய் வருவதை அதற்கு உதாரணமாகப் பேராசிரியர் காட்டுகிறார். அடுத்த முறை விளையாடப் போக அனுமதி கேட்கும்போது தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைத்துக் கொள்ளுங்கள். (வீட்டுப்பாடம் முடித்த பிறகு!)

அந்த நான்கில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இல்லை என்பதையும் பாருங்கள்.

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று கல்யாண வீட்டில் வாழ்த்துவார்கள். பதினாறு பிள்ளைகள் என்று நினைத்துப் பயந்து விடாதீர்கள்! கல்வி, புகழ், வலிமை, நோயின்மை, துணிவு, அறிவு, நீண்ட ஆயுள் என்று பதினாறு பேறுகள். பட்டியல் ஆளுக்கு ஆள் சற்று மாறும். அதில் நல்லூழ் என்பதும் ஒன்று. ஒன்றே ஒன்றுதான்.

கடற்கரையில் ஒரு கணக்கு

அதிர்ஷ்டத்தையும் பங்கையும் நேரில் பார்க்க வேண்டுமா? அரியாங்குப்பத்தை ஒட்டிய வீராம்பட்டினம் கடற்கரைக்கு வாருங்கள்.

மீன்பிடித் தொழிலில் நாளைக்கு என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் வலை கிழியக் கிழிய மீன் விழும். மறுநாள் அதே படகு, அதே வலை, அதே ஆட்கள். டீசல் செலவுக்குக்கூடத் தேறாது. காணாதது என்று அதிர்ஷ்டத்துக்குப் பெயர் வைத்தவர் கடற்கரைக்காரராக இருந்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும்!

படகு கரைக்கு வந்ததும் மீனை ஏலம் விடுகிறார்கள். டீசல், ஐஸ் செலவைக் கழிக்கிறார்கள். மீதிப் பணத்தைப் பங்கு போடுகிறார்கள். படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஆனால் "இந்த மீன் நான் இழுத்த பக்கத்தில் விழுந்தது, எனக்கே முழுதும்" என்று யாரும் சொல்வது இல்லை. நல்ல நாளும் எல்லோருக்கும் பொது. வெறும் வலையோடு வரும் நாளும் எல்லோருக்கும் பொது. ஒருவருக்கு வந்த அதிர்ஷ்டம் இன்னொருவர் வீட்டு உலையிலும் கொதிக்கிறது.

ஒரு சொல் சுடும்

இப்போது கொஞ்சம் வருத்தமான விஷயம். நீங்கள் பெரிய பிள்ளைகள், கேட்டுக்கொள்வீர்கள் என்று சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பிறப்பதற்கு முன். இந்தோனேசியாவில் சுமத்ரா தீவை ஒட்டிக் கடலுக்கு அடியில் பெரிய பூகம்பம் ஏற்பட்டது. சுமார் இரண்டரை மணி நேரத்துக்குள் சுனாமி அலைகள் தமிழ்நாடு, புதுச்சேரிக் கரைகளைத் தாக்கின. அன்று ஆழ்கடலில் படகில் இருந்த மீனவர்கள் பலருக்குச் சுனாமி தங்களைக் கடந்து போனதே தெரியவில்லை. ஆழமான கடலில் அந்த அலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அது சுவர்போல எழும்பும். அதனால் ஆபத்தான கடலுக்குப் போனவர் பிழைத்தார். பத்திரமான கரையில் இருந்தவர் போய்விட்டார்.

போனவர்கள் தப்பு செய்தார்களா? இல்லை. பிழைத்தவர்கள் அதிகம் புண்ணியம் செய்தார்களா? அப்படியும் சொல்ல முடியாது. அலைக்கு ஆள் தெரியாது.

ஆனால் இப்படித் துன்பம் வரும்போது, சில பெரியவர்கள் கோபத்திலும் வேதனையிலும் வீட்டில் இருக்கும் சிறு பிள்ளையைக் காட்டி, "இது ராசியில்லாத பிள்ளை, வந்த நேரம் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு மாணவி இருந்தாள். அவள் பிறந்த வருடம் அவளுடைய அப்பா காலமாகிவிட்டார். யாரோ உறவினர் சொன்ன அந்த ஒரு சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கோகோ விளையாட அணி பிரிக்கும்போது ஒதுங்கி நிற்பாள். "நான் சேர்ந்தால் தோத்துடுவாங்க சார்" என்பாள். நன்றாக ஓடக்கூடியவள். ஒரு நாள் மற்றப் பெண்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று அந்த அணி ஜெயித்ததா? இல்லை, தோற்றது! அவள் முகம் வெளிறிப் போய் நின்றாள். அணித் தலைவி சொன்னாள்: "நாளைக்கு நீ கடைசி ஆளா உட்காராதே, முதல்ல துரத்து. உனக்கு ஓட்டம் நல்லா வருது." அவ்வளவுதான். ராசியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மறுநாளும் விளையாடினார்கள்.

அந்த அணித் தலைவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு பெரியவர் கட்டிப்போட்ட முடிச்சை அவள் அவிழ்த்துவிட்டாள்.

பாக்கியம் என்றால் பங்கு என்று பார்த்தோமே, அது இங்கேதான் உதவுகிறது. ஒருவருக்குச் சின்னப் பங்கு விழுந்தது என்றால் அது அவருடைய குற்றம் இல்லை. கரண்டி அவர் கையில் இல்லையே! பெரிய பங்கு விழுந்தவரும் அதற்காக மார்தட்டிக்கொள்ள எதுவும் இல்லை. கரண்டி அவர் கையிலும் இல்லை. ஆனால் இலையில் விழுந்த பிறகு, பக்கத்து இலையைப் பார்ப்பதும் பாராமல் இருப்பதும் அவரவர் கையில்தான் இருக்கிறது.

வள்ளுவர் வைத்த இரண்டு அதிகாரங்கள்

"அப்படியானால் எல்லாம் விதிப்படி என்று சும்மா இருக்கலாமா ஐயா?" என்று கேட்பீர்கள்.

வள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழைவிட வலியது இல்லை என்கிறார். அதோடு அறத்துப்பாலை முடித்தும் விடுகிறார். ஆனால் பொருட்பாலில், 62-ஆம் அதிகாரத்தில், 'ஆள்வினை உடைமை' என்று விடாமுயற்சியைப் பற்றிப் பத்துக் குறள் எழுதுகிறார். தெய்வத்தால் முடியாமல் போனாலும், உடல் வருந்த உழைத்ததற்கு உரிய கூலி கிடைக்கும் என்கிறார். சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்று முடிக்கிறார்.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கின்றனவே என்று குழம்ப வேண்டாம். முதல் அதிகாரத்தைப் பிறரைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். தோற்றவரை, இழந்தவரை, ஏழையைப் பார்க்கும்போது, "அவருக்கு விழுந்த பங்கு அப்படி" என்று எண்ணினால் கேலி செய்ய வாய் வராது. இரண்டாவது அதிகாரத்தை உங்களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு லக்கு இல்லை" என்று புத்தகத்தை மூடி வைக்காமல் இன்னொரு முறை படிப்பீர்கள்.

அரிக்கமேட்டுக்குக் கப்பல் வருவது காற்றைப் பொறுத்தது. காற்று அவர்கள் கையில் இல்லை. ஆனால் கல்லை உரசி உரசி, துளை போட்டு, மணி செய்தார்களே, அது அவர்கள் கை வேலை. கப்பல் வந்த அன்று கொடுப்பதற்குக் கையில் மணி இருந்தது!

செய்து பாருங்கள்

இந்த வாரம் உங்களுக்கு மூன்று வேலை.

ஒன்று: அதிர்ஷ்டத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உங்கள் வீட்டில் எத்தனை சொற்கள் வழங்குகின்றன என்று பாட்டி, தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். யோகம், திரு, கைராசி, கொடுப்பினை... பத்துக்குக் குறையாமல் கிடைக்கும். வீட்டில் தெலுங்கு, உருது, மலையாளம், பிரெஞ்சு பேசுபவர்கள் அந்தச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: உங்கள் பெயருக்கு என்ன பொருள், உங்களுக்கு அதை ஏன் வைத்தார்கள் என்று கேளுங்கள். உங்களுக்காக யாரோ விரும்பிய நற்பேறு அதற்குள் இருக்கும்.

மூன்று: வகுப்பில் அணி பிரிக்கும்போது, கடைசியாக ஒதுங்கி நிற்பவர் யார் என்று திரும்பிப் பாருங்கள். அவரை முதலில் கூப்பிடுங்கள்.

இரட்டை மைனாவைப் பார்த்தால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். அழகான பறவைகள் அவை. ஒற்றை மைனாவைப் பார்த்தாலும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். பாவம், அது தன் இரையைத் தேடி வந்திருக்கிறது. உங்கள் மார்க்கைக் குறைக்க வரவில்லை!